நீரின் பாரமும் நிலத்தின் நடுக்கமும்

பூமி நடுங்கி ஓய்ந்த மறுகணமே மக்கள் கேட்கும் முதற்கேள்வி, "யாருக்கு என்ன நேர்ந்தது?" என்பது. இரண்டாவது கேள்வி, "யார் செய்த பாவம் இது?" என்பது. முதற்கேள்விக்கு விடை காண ஓடவேண்டும், இடிபாடுகளைப் புரட்டவேண்டும், கணக்கெடுக்கவேண்டும். இரண்டாவதற்கோ விடை எப்பொழுதும் கைவசம் தயாராகவே இருக்கிறது. ஆதிசேடன் தன் ஆயிரந்தலைகளில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பூமியை மாற்றிக்கொள்ளுகிறான் என்பர் நம் பாட்டிமார். நிலத்துக்கடியில் பெரியதோர் கெளிற்றுமீன் புரளுவதாகச் சொல்லிவந்தனர் ஜப்பானியர். இவை கேட்க இனிய பழங்கதைகள். பாம்பின்மேலும் மீனின்மேலும் பழிபோடுவதால் எவருக்கும் கேடில்லை. பாம்பை விட்டு ஆளைத் தேடத் தொடங்கும்பொழுதுதான் கேடு வருகிறது.

1934-ஆம் ஆண்டு ஜனவரி 15-இல் பீகாரில் பெரும் பூகம்பம் உண்டாயிற்று. பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர்; ஊர்கள் மண்ணோடு மண்ணாயின. அச்சமயம் காந்தியார் தீண்டாமையொழிப்பை முன்னிட்டுத் தென்னாட்டில் சுற்றுப்பயணஞ் செய்துகொண்டிருந்தார். அம்மாதம் 24-இல் திருநெல்வேலிக் கூட்டத்தில், இப்பூகம்பம் தீண்டாமை என்னும் பாவத்துக்காகக் கடவுள் விதித்த தண்டனை என்று அவர் பேசினார். தீண்டாமை விஷயத்தில் காந்தியாரோடு முழுதும் ஒத்த கருத்துடைய கவி தாகூர் இதைக் கேட்டு மனம் வருந்தி, இயற்கையின் நிகழ்ச்சிக்கு இயற்கையிலேயே காரணந் தேடவேண்டுமென்று மறுப்பெழுதினார். காந்தியார் தம்முடைய 'ஹரிஜன்' பத்திரிகையிலேயே அதனை வெளியிட்டது பாராட்டத்தக்கது. தீண்டாமை கொடிய பாவம் என்பதில் நமக்கு எள்ளளவும் ஐயமில்லை. ஆயினும் ஒன்று கேட்கிறோம்: அப்பாவத்தைச் செய்தவன் மாளிகையும், அப்பாவத்தைச் சுமந்தவன் குடிசையும் ஒருங்கே இடிந்து விழுந்தனவே, அது எந்த நியாயசபையின் தீர்ப்பு?

இது தொண்ணூறாண்டுகளுக்கு முந்திய கதை, இப்பொழுது யார் அப்படிப் பேசுகிறார்கள் என்று வாசகர்கள் எண்ணவேண்டாம். 2015-ஆம் ஆண்டு ஜூன் 5-இல் நமது நாட்டின் சபா மாநிலத்தில், ரானாவுக்கு அருகே 6.0 அளவுள்ள நிலநடுக்கம் எழுந்தது. கினபாலு மலையில் ஏறிக்கொண்டிருந்தோரில் 18 பேர் பாறை சரிந்து மாண்டனர். அவர்களிற் பலர் பள்ளிப் பிள்ளைகள். அதற்குச் சில நாட்களுக்கு முன் அம்மலைமீது ஆடை களைந்து படமெடுத்துக்கொண்ட வெளிநாட்டாரின் செய்கையே இதற்குக் காரணமென்று அம்மாநிலத்தின் துணை முதலமைச்சர் ஒருவரே கூறினார். மலையைத் தம் முன்னோர் உறையும் இடமாகப் போற்றும் மக்களின் உள்ளம் புண்படும்படி நடந்தது தவறுதான். அதற்காக வழக்கு மன்றம் சிலருக்குத் தண்டனையும் அளித்தது. ஆனால் பத்துப்பேர் சட்டை கழற்றியதற்காகப் பிள்ளைகளின்மேல் பாறையை உருட்டும் மலை என்று சொல்லுவது, அம்மலைக்கே இழிவல்லவா?

மனிதன் நடத்தையால் பூமி நடுங்காது என்று இப்படி வாதாடிவந்த நம்மைப் போன்றோருக்கு, விஞ்ஞானம் ஒரு வேடிக்கையான சங்கடத்தைக் கொண்டுவந்து வைத்திருக்கிறது. மனிதன் செய்யும் காரியத்தால் பூமி நடுங்குவதுண்டு என்று இப்பொழுது புவியியலார் ஐயந்திரிபற ஒப்புகின்றனர். ஆற்றை மறித்து ஆழமான நீர்த்தேக்கம் கட்டினால் நடுங்கலாம். நிலத்துக்குள் கழிவுநீரை அழுத்திச் செலுத்தினால் நடுங்கலாம். எரிவாயுவை உறிஞ்சியெடுத்தாலும் நடுங்கலாம். அப்படியானால் பாட்டி சொன்னதும் காந்தியார் சொன்னதும் ஒருவகையில் சரிதானே என்று கேட்பாரும் உளர்.

கேட்டார்கள். கிள்ளானில் நாம் சிலர் ஞாயிறுதோறும் கூடும் சிறு படிப்பகம் ஒன்று உண்டு. 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு 24-ஆம் நாள் விடியற்காலையில் ஜொகூர் சிகாமட்டில் 4.1 அளவுள்ள நடுக்கம் எழுந்த செய்தி வந்த வாரம், அங்கே பேச்சு முழுவதும் அதுவாகவே இருந்தது. லாரி ஓட்டும் தோழர் ஒருவர், "எல்லாம் அணை கட்டுறதால வர்ற வினைங்க. மலையைக் குடைஞ்சு தண்ணியை நிறுத்தினா பூமி சும்மா இருக்குமா?" என்றார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் நகைத்து, "அணைக்கும் பூகம்பத்துக்கும் என்ன ஐயா சம்பந்தம்? அது பூமிக்குள்ளே நடக்கிற காரியம். மனுஷன் எறும்பு மாதிரி" என்றார். இருவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நம்மைப் பார்த்தனர். லாரித் தோழர் இல்லாத இடத்தில் அணையைக் காண்கிறார். ஆசிரியரோ இருக்கும் இடத்திலும் காண மறுக்கிறார் என்று சொன்னோம். அது இருவருக்குமே பிடிக்கவில்லை. அன்று வாய்மொழியாகச் சொன்னதை இங்கே சற்று விரிவாக எழுதுகிறோம்.

அமெரிக்காவில் கொலராடோ ஆற்றின் குறுக்கே ஹூவர் அணை கட்டி, 1935-இல் மீட் ஏரியை நிரப்பத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டிலேயே சுற்றுப்புற மக்கள் நடுக்கங்களை உணரலாயினர். 1939-இல் எழுந்த ஒன்று 5 என்னும் அளவை எட்டிற்று. ஏரியின் நீர்மட்டத்துக்கும் நடுக்கத்துக்கும் தொடர்புண்டென்று 1940-களில் ஆய்வாளர் எழுதினர். அதற்குப் பின் 1962-இல் சீனத்துச் சின்பெங்கியாங், 1963-இல் ஆப்பிரிக்காவின் கரிபா, 1966-இல் கிரேக்க நாட்டுக் கிரெமஸ்தா ஆகிய நீர்த்தேக்கங்களின் அருகே 6-க்கு மேற்பட்ட அளவுள்ள நடுக்கங்கள் தோன்றின. இவற்றையெல்லாம் தூரதேசத்துச் செய்திகளாக நாம் ஒதுக்கிவிடலாம். ஆனால் கொய்னாவை ஒதுக்கமுடியாது.

மராட்டியத்தில் சாத்தாரா ஜில்லாவில் ஓடும் ஆறு கொய்னா. அதன் குறுக்கே 103 மீட்டர் உயரமுள்ள அணை எழுப்பி, 1960-களின் தொடக்கத்தில் நீர் தேக்கினர். அந்நீர்ப்பரப்புக்குச் சிவாஜி சாகரம் என்று பெயர். தக்காண பீடபூமி அசையாத பழம்பாறை, அங்கே பூகம்ப அச்சமில்லை என்பதே அக்காலத்து எண்ணம். நீர் ஏறத்தொடங்கியதும் சிறு நடுக்கங்கள் எழலாயின. நிலத்துக்கடியிலிருந்து உறுமல் கேட்பதாகக் கிராமத்தார் சொல்லினர். 1967-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் ஏரி முன்னில்லாத உயரத்துக்கு நிரம்பி, நெடுநாள் அம்மட்டத்திலேயே நின்றது. அவ்வாண்டு டிசம்பர் 11-ஆம் நாள் விடியுமுன், ஊர் உறங்கிக்கொண்டிருந்த வேளையில், 6.3 அளவுள்ள பூகம்பம் தாக்கிற்று. ஏறக்குறைய 180 பேர் இறந்தனர், ஆயிரக்கணக்கானோர் காயமுற்றனர். கொய்னாநகரின் வீடுகளிற் பெரும்பாலானவை இருக்கத் தகாதவையாயின. அணையில் கீறல் விழுந்தது. ஆனால் அது உடையவில்லை. அங்கிருந்து பம்பாய்க்குச் சென்ற மின்சாரம் நின்றுபோயிற்று.

இவ்விடத்தில் சற்று நின்று யோசிக்கவேண்டும். கொய்னாநகர் என்பது பழம்பெருமையுள்ள பட்டணமன்று. அணை வேலைக்காகவும் மின்நிலைய வேலைக்காகவும் எழுந்த குடியிருப்பு அது. மின்சாரம் பம்பாய் ஆலைகளுக்குப் போயிற்று. இடிந்த சுவரோ அணைக்குப் பக்கத்தில் குடியிருந்தவர் தலைமேல் விழுந்தது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு இந்தக் கணக்கை எவரும் விளக்கிச் சொல்லவேண்டியதில்லை. பால் வெட்டியவன் லயத்தில் இருந்தான். ரப்பரோ கப்பலேறிப் போயிற்று.

சரி, தண்ணீர் எப்படிப் பாறையை அசைக்கிறது? பாரத்தால் என்றுதான் முதலில் தோன்றும். நூறு மீட்டர் ஆழமுள்ள நீர், தன் அடியிலுள்ள ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரின்மேலும் 10 கிலோ பாரத்தை வைக்கிறது. ஏரி முழுவதற்கும் கூட்டிப் பார்த்தால் மலைக்கத்தக்க பாரந்தான். ஆனால் ஐந்து கிலோமீட்டர் ஆழத்திலுள்ள பாறையோ, தன் தலைமேல் சதுர சென்டிமீட்டருக்கு 1,300 கிலோவுக்குமேல் கல்லைச் சுமந்துகொண்டிருக்கிறது. 1,300 சுமப்பவனுக்குப் பத்து ஒரு பெரிய பொருட்டன்று. ஆகவே பாரம் மட்டுமே விடையாகாது.

தோட்டத்து ஸ்டோரில் வேலை செய்தவர்கள் இதனை எளிதில் விளங்கிக்கொள்வார்கள். உலர்ந்த ரப்பர்த் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைத்தால், அடுக்கு எவ்வளவு உயர்ந்தாலும் நிலைத்து நிற்கும். அச்சிலிருந்து வந்த ஈரத் தகடுகளை அப்படி அடுக்கினால், இடையிலே நீர் தங்கி, மேலடுக்கு தானே வழுக்கும். இடையில் அகப்பட்ட நீர் மேலிருக்கும் பாரத்தில் ஒரு பகுதியைத் தான் ஏந்திக்கொள்ளுகிறது. அந்த அளவுக்குத் தகடும் தகடும் ஒன்றையொன்று பற்றும் பிடி தளருகிறது. பூமிக்குள்ளும் நிகழ்வது இதுவே. பாறைகளில் பழைய வெடிப்புகள் உள்ளன. இருபுறப் பாறைகளும் எதிரெதிராக நெருக்கப்பட்டு, உராய்வின் பிடியால் மட்டுமே நகராமல் நிற்கின்றன. ஏரியின் நீரழுத்தம் பாறையின் நுண்துளைகள் வழியே மெல்ல மெல்ல அவ்வெடிப்புகளுக்குள் இறங்குகிறது. பிடி தளருகிறது. பல்லாயிரம் ஆண்டுகளாகச் சேர்ந்திருந்த இறுக்கம் ஒரு கணத்தில் அவிழுகிறது.

மெல்ல மெல்ல என்றோம். அதுவே இதில் கவனிக்கவேண்டிய கூறு. நீர் நிரம்பிய அன்றே நடுங்கவேண்டுமென்பதில்லை. அழுத்தம் ஆழத்துக்குச் சென்று சேர மாதங்கள் ஆகலாம், ஆண்டுகளும் ஆகலாம். கொய்னாவில் இன்றளவும் தென்மேற்குப் பருவமழை ஏரியை நிரப்பிச் சென்றபின் நடுக்கங்கள் மிகுவதைக் கண்டிருக்கிறார்கள். அவ்விடத்தைப் பல்லாண்டு ஆராய்ந்த ஹர்ஷ் குப்தா முதலியோர், ஏரியின் நீர்மட்டம் வாரத்துக்குப் பன்னிரண்டு மீட்டருக்குமேல் விரைந்து உயர்ந்த காலங்களை ஒட்டியே பெரிய நடுக்கங்கள் எழுந்தன என்றும், முன்னிருந்த மட்டத்தை மீறுவதும் நெடுநாள் உயர்ந்து நிற்பதும் அபாயத்தைக் கூட்டுகின்றன என்றும் எடுத்துக்காட்டினர். மழையை நிறுத்த மனிதனால் ஆகாது. மதகை எப்பொழுது திறப்பது, ஏரியை எவ்வளவு வேகத்தில் நிரப்புவது என்பவை அவன் கையில் இருப்பவை. ஆதிசேடனிடம் இப்படி ஒரு பேச்சு வார்த்தைக்கு இடமே கிடையாது!

இனி லாரித் தோழருக்குச் சொல்லவேண்டியது. அணை பூகம்பத்தைப் படைப்பதில்லை. அங்கே முன்பே இறுகி நிற்கும் வெடிப்பைத் தூண்டிவிடுகிறது. உலகிலுள்ள பெருந்தேக்கங்களில் மிகப் பெரும்பாலானவற்றின் அருகே நடுக்கம் எதுவும் எழுந்ததில்லை. நம்முள் பலருடைய பாட்டன்மார் சேலம் ஜில்லாவிலிருந்து வந்தவர்கள். 1934-இல் கட்டிமுடித்த மேட்டூர் அணை அவர்களிற் பலருடைய ஊர்ப்பக்கம். காவேரி வற்றும்பொழுது முழுகிப்போன பழைய கோவில் நந்தியும் மாதாகோவில் கோபுரமும் தலைகாட்டுவதைப் பார்க்க ஜனங்கள் கூடுவார்களேயன்றி, பூகம்பத்துக்காக அஞ்சி ஓடியதாகச் செய்தியில்லை. மாறாக, 1900-ஆம் ஆண்டு பிப்ரவரி 8-இல் கோயம்புத்தூர்ப் பக்கத்தில் 6 என்னும் அளவை ஒட்டிய பூகம்பம் எழுந்தபொழுது, அங்கே பழிபோடுவதற்கு ஒரு பெரிய அணைகூட இருந்ததில்லை.

முல்லைப்பெரியாற்றைப் பற்றியும் இரண்டொரு வார்த்தை சொல்லாவிட்டால் நண்பர்கள் விடமாட்டார்கள். 1895-இல் சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு எழுப்பிய அவ்வணை இடுக்கி மலைகளில் இருக்கிறது. அதன் கீழே 1970-களில் கட்டிய இடுக்கிப் பெருந்தேக்கம். அம்மலைகளில் அவ்வப்போது சிறு நடுக்கங்கள் உண்டு. 2000-ஆம் ஆண்டு டிசம்பரில் ஈராற்றுப்பேட்டைப் பக்கம் எழுந்தது 5 என்னும் அளவை எட்டிற்று. ஒவ்வொரு நடுக்கத்தின் பின்னும் ஒரு மாநிலத்தார் அணை இடியப்போகிறதென்பர். மறு மாநிலத்தார் நடுக்கமே இல்லையென்பர். அளவுகோலைப் படிப்பதற்கு முன்பே கொடியைத் தூக்கிவிட்டால், உண்மை இரண்டு கொடிகளுக்கும் நடுவே மிதிபட்டுப்போகும்.

நமது நாட்டுக்கு வருவோம். திரெங்கானுவில் கென்யிர் ஆற்றை மறித்து 150 மீட்டர் உயரத்தில் அணை கட்டி, 1980-களின் நடுவில் நீர் தேக்கினர். அத்தேக்கம் கொள்ளும் நீர் ஏறக்குறைய 1,360 கோடி கன மீட்டர். ஒரு கன மீட்டர் நீர் ஒரு டன் என்பதால், டன் கணக்கும் அதுவே. நீர் ஏறிய காலத்தை ஒட்டி, 1984 தொடங்கிச் சில ஆண்டுகள் அங்கே நடுக்கங்கள் பதிவாயின; அவற்றுட் பெரியது 4.6 என்னும் அளவை எட்டிற்று. அப்பகுதியில் அதற்கு முன் இவ்வாறு கேட்டதில்லை. பின்னர் அது அடங்கிற்று. பூகம்பமே தீண்டாத நாடென்று பள்ளியிற் படித்த தீபகற்பத்தில், மனிதன் நிரப்பிய ஏரியின் கரையில் நிலம் அசைந்தது. அதைப் பற்றிப் புவியியலார் ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரைகள் உண்டு. எத்தனை தமிழர் அறிவர்? எத்தனை மலாய்க் குடியானவர் அறிவர்?

ஆனால் 2007-ஆம் ஆண்டு நவம்பர் 30 முதல் இரண்டாண்டுகள், கோலாலம்பூரிலிருந்து காராக் சாலை வழியே சென்றால் எட்டும் புக்கிட் திங்கியில் இருபதுக்கு மேற்பட்ட சிறு நடுக்கங்கள் எழுந்தனவே, அவற்றுக்கு எந்த ஏரியும் காரணமன்று. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-இல் சுமத்திராவில் எழுந்து ஆழிப்பேரலையைக் கிளப்பிய மாபெரும் பூகம்பம், நம் தீபகற்பத்தையே சிறிது நகர்த்தி, உறங்கிக்கிடந்த பழைய வெடிப்புகளை எழுப்பிவிட்டது என்பதே ஆய்வாளர் பலர் கருத்து. கென்யிரில் அணை, புக்கிட் திங்கியில் சுமத்திரா. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டுவது சோம்பேறித்தனம்.

இப்பிரித்தறிதல் ஏன் அவசியமென்பதை நாம் ஏட்டிலே கற்கவில்லை. கிள்ளானில் ஓர் அடுக்குமாடியின் பன்னிரண்டாம் மாடியில் கற்றோம். அங்கே நமக்கு வேண்டிய பாட்டி ஒருவர் இருந்தார். முப்பதாண்டுக்குமேல் பால் வெட்டியவர். தோட்டம் துண்டாகி விற்கப்பட்டபொழுது, லயத்திலிருந்து அவரையும் அண்டை வீட்டாரையும் அவ்வுயரத்துக்கு ஏற்றிவைத்தனர். 2009-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-இல், விளக்கேற்றும் வேளையில், நாம் அவரைக் காணச் சென்றிருந்தோம். திடீரென்று சாமி படத்துக்கு முன்னிருந்த தொங்குவிளக்கு தானே ஆடலாயிற்று. வாளியிலிருந்த நீர் இப்பக்கமும் அப்பக்கமும் ஏறி இறங்கியது. சுமத்திராவின் பாடாங்கில் ஆயிரத்துக்கு மேற்பட்டோரைப் பலிகொண்ட 7.6 அளவுள்ள பூகம்பத்தின் அலை, கடல் தாண்டி வந்து நம்மைத் தொட்டுச் சென்றது என்று பின்னரே அறிந்தோம். மின்தூக்கியில் ஏற அஞ்சி, பாட்டியைக் கைத்தாங்கலாகப் படிவழியே இறக்கினோம். பன்னிரண்டு மாடியும் இறங்கி முடிந்ததும், மூச்சு வாங்க ஒரு கல்மேல் உட்கார்ந்து அவர் சொன்னார்:

"அந்தச் சேஷன் தலையை மாத்திட்டான் தம்பி. லயத்துல இருந்தப்ப மாத்தலையா? மாத்தியிருப்பான். எங்களுக்குத்தான் தெரியலை."

அவர் கதையைச் சொன்னாரெனினும், அதற்குள் ஒரு மெய் இருந்தது. தூரத்துப் பூகம்பத்திலிருந்து வரும் அலை மெதுவாக ஆடும் நீண்ட அலை. ஒற்றை மாடி லயத்தை அது கவனியாமல் கடந்துபோகும். உயர்ந்த கட்டடத்தையோ, ஊஞ்சலைத் தாளந்தவறாமல் தள்ளுவதுபோல ஆட்டும். அதிலும் கிள்ளானின் கரையோர நிலம் பாறையன்று, ஆழமான சேற்றுக் களிமண். அது ஆட்டத்தைப் பெருக்கும். பாட்டியை மேலே ஏற்றியவர்கள் அவருக்கு வீட்டோடு சேர்த்துச் சுமத்திராவின் அலையையும் அளித்தார்கள். நிலநடுக்கத்தைக் கருதிக் கட்டடம் எழுப்புவதற்கென நம் நாட்டுக்குரிய விதித்தொகுப்பு 2017-இல்தான் வெளிவந்தது. பாட்டியின் அடுக்குமாடி அதற்கு எத்தனையோ ஆண்டு மூத்தது.

சில வாரங்களுக்குப் பின் அவ்வீட்டுச் சுவரில் மூலைக்கு மூலை ஒரு வெடிப்பு தெரிந்தது. அது அன்றைய ஆட்டத்தால் வந்ததோ, மட்டமான பூச்சால் வந்ததோ, தூண் இறங்கியதால் வந்ததோ, ஒரு பொறியாளர் வந்து பார்த்தாலன்றிச் சொல்ல இயலாது. குடியிருப்போர் சேர்ந்து, வந்து பார்க்கும்படி கட்டினவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினர். எழுதிக்கொடுத்தவர்களில் நாமும் ஒருவர். மூன்று மாதங்கழித்து இரண்டு வரியில் பதில் வந்தது. பூகம்பம் "கடவுள் செயல்" ஆகையால் தமக்குப் பொறுப்பில்லை என்பதே அதன் சாரம். அதைத் தமிழில் பெயர்த்துப் பாட்டிக்குப் படித்துக் காட்டினோம். அவர் சிறிது நேரம் யோசித்து, "கடிதாசு எழுதுன தொரைக்கும் சேஷனைத் தெரியுமா?" என்று கேட்டார்.

அன்று நாம் சிரித்தோம். பின்னர் எண்ணிப் பார்க்கையில் அக்கேள்வியின் கூர்மை விளங்கிற்று. பாட்டி ஆதிசேடனைச் சொன்னது தன் அச்சத்துக்கு ஒரு பெயர் வைப்பதற்காக; அதனால் அவருக்கு ஒரு காசும் மிச்சமாகவில்லை. சட்டைக் கழுத்தைப் பொத்தானிட்டு, தட்டெழுத்தில் "கடவுள் செயல்" என்று எழுதியவருக்கோ பொறியாளர் கூலி மிச்சம், பூச்சு வேலை மிச்சம். பாமரரின் மூடநம்பிக்கையை நாம் எத்தனையோ மேடைகளில் கண்டித்திருக்கிறோம். இலாபக் கணக்கோடு கூடிய இந்த மூடநம்பிக்கையைக் கண்டிக்க மேடைகள் இன்னும் போதவில்லை.

அணை நடுக்கத்திலும் இதே வழக்குத்தான். கொய்னாவில் பூகம்பம் எழுந்தபின், அது ஏரியால் தூண்டப்பட்டதா, தானே வந்ததா என்று அறிஞர்கள் பல்லாண்டு வாதிட்டனர். வாதம் அறிவுக்கு நல்லது. ஆனால் தானே வந்தது என்றால் அது இயற்கை; ஏரியால் வந்தது என்றால் ஏரிக்கு ஒரு சொந்தக்காரர் உண்டு, நிரப்பிய கணக்குண்டு, கையெழுத்துண்டு. தென்கொரியாவின் போகாங் நகரில் 2017-ஆம் ஆண்டு நவம்பர் 15-இல் 5.5 அளவுள்ள நடுக்கம் எழுந்தது. நிலத்தின் வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுப்பதற்காக ஆழ்துளையில் நீரை அழுத்திச் செலுத்தியதே அதனைத் தூண்டியது என்று அரசாங்கம் அமர்த்திய ஆராய்ச்சிக் குழு 2019-இல் அறிவித்தது. வீடிழந்தோருக்கு ஈடு செய்யத் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. கருவிகள் முன்பே வைக்கப்பட்டு, செலுத்திய நீரின் அளவு நாள்தோறும் எழுதப்பட்டிருந்ததால் அல்லவோ அது இயன்றது? பதிவேடு இல்லாத ஊரில் எல்லாமே கடவுள் செயல்தான்.

சிலாங்கூரிலேயே இதற்கொரு பழைய எடுத்துக்காட்டு இருக்கிறது. இது பூகம்பமன்று, ஆயினும் பழிபோடும் முறை அதுவே. கோலகுபுவில் ஈயச்சுரங்கத்துக்காக முற்காலத்தில் ஆற்றின்மேல் மண்ணாலும் மரத்தாலும் எழுப்பிய பழைய அணையொன்று இருந்தது. 1883-ஆம் ஆண்டு அக்டோபர் 29-இல், கனமழைக்குப் பின், அது உடைந்து ஊரை வாரிக்கொண்டுபோயிற்று. அங்கே அதிகாரியாயிருந்த சிசில் ராங்கிங் என்னும் ஆங்கிலேயரும் மாண்டார். அணையைக் காத்துவந்த வெள்ளை முதலையை அவர் சுட்டுவிட்டார், அதனால்தான் அணை உடைந்தது என்று ஊரார் ஒரு கதை கட்டினர். நூற்று நாற்பதாண்டு கடந்தும் அம்முதலை செத்தபாடில்லை. வழிகாட்டிகள் இன்றும் சுற்றுலாப் பயணிகளுக்கு அதைத்தான் சொல்லுகிறார்கள். மட்கிய மரத்தைப் பற்றியும், நிறைந்துவிட்ட மண்ணணையை யார் சோதித்தார்கள் என்பது பற்றியும் கதையில் ஒரு வரி கிடையாது.

பழைய ஊர் ஆற்றுமணலில் புதைந்துபோகவே, மேட்டில் கோலகுபு பாரு என்னும் புது ஊர் எழுந்தது. அதற்கும் மேலே, இப்பொழுது சிலாங்கூர் ஆற்றின் குறுக்கே நூறு மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் ஒரு கல்லணை நிற்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கின் குழாய்களுக்கு நீர் தருவதற்காக 2000-களின் தொடக்கத்தில் கட்டியது. பெர்த்தாக், கெராச்சி என்னும் இரண்டு தெமுவான் பூர்வகுடிக் கிராமங்கள் அதற்காக இடம் பெயர்ந்தன. நம் வீட்டுக் குழாயைத் திருகும்பொழுது அவ்வூர்ப் பெயர்கள் நம் நினைவுக்கு வருவதில்லை; வரவேண்டும் என்பதற்காக இங்கே எழுதிவைக்கிறோம். அந்த அணை நடுங்கப்போகிறது என்று நாம் பயமுறுத்தவில்லை. அப்படிச் சொல்ல எந்த ஆதாரமும் இல்லை.

சிகாமட் செய்திக்குப் பின் ஒரு விடுமுறை நாளில், படிப்பகத்துப் பிள்ளைகள் பன்னிருவரை வாடகை வேனில் ஏற்றி அவ்விடத்துக்கு அழைத்துச் சென்றோம். லாரித் தோழரே ஓட்டி வந்தார். ஆசிரியரும் முன் ஆசனத்தில் அமர்ந்து, வழி நெடுக அவரோடு வாதாடிக்கொண்டே வந்தார். அணையின் ஓரத்தில் நின்று பார்த்தபொழுது நீர் பச்சையாக, அசைவின்றிக் கிடந்தது. பிள்ளைகளுக்கு முதலையின் கதையைச் சொன்னோம். ரப்பர்த் தகட்டின் கதையையும் சொன்னோம். அவர்களில் எவரும் ரப்பர்த் தகட்டைக் கண்டவரல்லர். ஆதலால் இரண்டு கண்ணாடித் துண்டுகளை நனைத்து வழுக்கிக் காட்டவேண்டியதாயிற்று.

இரண்டாம் படிவத்தில் படிக்கும் சிறுமி ஒருத்தி, எவரும் சொல்லித்தராமலே, காவற்காரரிடம் சென்று மலாயில் கேட்டாள்: இங்கே நடுக்கத்தை அளக்கும் கருவி வைத்திருக்கிறீர்களா, அதன் கணக்கை யார் பார்க்கலாம் என்று. அவர் நல்ல மனிதர். சற்றுத் திகைத்து, தனக்குத் தெரியாதென்றும் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்கும்படியும் சொன்னார். விலாசத்தை அவரே தன் பேனாவால் அவளுடைய புத்தகத்தின் பின்னட்டையில் எழுதிக்கொடுத்தார். கடிதத்தை எந்த மொழியில் எழுதுவது என்பது பற்றி லாரித் தோழரும் ஆசிரியரும் திரும்பும் வழியெல்லாம் வாதாடினார்கள். சிறுமி அதற்குள் முதல் வரியை எழுதிவிட்டாள்.